படிக்கட்டாக இறங்கிய பேண்ட்: ஒரு பாஸ்போ-ஈஆர்கே ஆன்டிபாடி மீது விழுந்த பழி

“ஆன்டிபாடி போயிடுச்சு, வேற வாங்கணும், எது நல்லாருக்கும்?” இதுதான் எனக்கு வந்த கேள்வி. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, அங்கே சின்னதாக ஒரு செல் வளர்ப்பு ஆய்வகம், ஒரு பிஎச்.டி. மாணவி, அவருக்கு வழிகாட்டியாக ஒரு மேடம். ஆன்டிபாடி என்றால் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கிற புரதம். போய்விட்டதாகச் சொன்னது பாஸ்போ-ஈஆர்கேவை, அதாவது பாஸ்பேட் ஒட்டிய ஈஆர்கே புரதத்தைப் பிடிக்கும், முயலில் செய்த ஆன்டிபாடி. 100 மைக்ரோலிட்டர் இருக்கும் ஒரு குட்டிக் குப்பி. இந்த மாதிரிக் குப்பி பல பத்தாயிரம் ரூபாய் ஆகும், வெளிநாட்டிலிருந்து வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சின்னக் கல்லூரியின் பட்ஜெட்டில் அது நினைத்தபோது எடுக்கிற முடிவு இல்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். குப்பி நன்றாகத்தான் இருந்தது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது, அதைக் கண்டுபிடித்த விதம் பாஸ்போ ஆன்டிபாடி பயன்படுத்துகிற எல்லோருக்கும் உதவும் என்பதால் முழுசாக எழுதுகிறேன். மாணவியும் மேடமும் எழுதச் சொன்னார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

முதலில் ஆய்வு என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாறாமலை எஸ்டேட் பக்கம் விளையும் கிராம்பு நம்ம மாவட்டத்தின் பெருமை, 2021-ல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் சாறு புற்றுநோய் செல்லுக்குள் ஓடும் வளர்ச்சிச் சிக்னலை அடக்குகிறதா என்பது மாணவியின் கேள்வி. செல், ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல். சிக்னல், ஈஆர்கே வழி. செல்லுக்கு வெளியே இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் உள்ளே ராஸ், ராஃப், மெக் என்று ஒன்றை ஒன்று எழுப்பிக்கொண்டு போகும், கடைசியில் மெக் போய் ஈஆர்கேயின் மேல் இரண்டு பாஸ்பேட்டை ஒட்டும். ஒன்று த்ரியோனின் மேல், இன்னொன்று டைரோசின் மேல், நடுவில் ஒரே ஒரு குளுட்டாமிக் அமிலம். அந்த இரண்டும் ஒட்டினால்தான் ஈஆர்கே முழு வேகத்தில் வேலை செய்யும். இதைப் பார்க்கிற வழி பிளாட்: செல்லின் புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவது. ஒவ்வொரு சாம்பிளும் ஓடும் பாதை லேன், புரதம் தெரியும் கோடு பேண்ட். ஈஆர்கே1 சுமார் 44 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு), ஈஆர்கே2 சுமார் 42, அதனால் பிளாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேண்டாக வரும். குப்பியின் மேல் 202, 204 என்று எண் போட்டிருக்கும், அது மனித ஈஆர்கே1-ன் எண். ஈஆர்கே2-ல் அதே இடம் 185, 187. எண் வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அந்த இடத்தில் அமினோ அமில வரிசை ஒன்றுபோல இருப்பதால் ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும்.

இந்த ஆன்டிபாடியை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அதன் பலம், பலவீனம் இரண்டும் புரியும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள சில அமினோ அமிலங்களை மட்டும் ஒரு துண்டு பெப்டைடாகச் செய்து, அதில் பாஸ்பேட்டையும் வைத்து, ஒரு பெரிய புரதத்தோடு கோர்த்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் ரத்தத்தில் பல விதமான ஆன்டிபாடி வரும், பாஸ்பேட் இல்லாத பெப்டைடையும் பிடிக்கிறவற்றை வடிகட்டித் தள்ளிவிட்டு, பாஸ்பேட் இருந்தால் மட்டும் பிடிக்கிறதை எடுத்துக்கொள்வார்கள். மோனோகுளோனல் என்றால் அப்படிப்பட்ட ஒரே ஒரு குளோனைத் தேர்ந்து வளர்ப்பார்கள். இரண்டு பாஸ்பேட்டும் இருந்தால்தான் பிடிக்குமா, ஒன்று இருந்தாலே பிடிக்குமா என்பது ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும், குப்பியோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் பெட்டியோடு தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

சரி, பிரச்சனைக்கு வருவோம்.

மாணவியின் முதல் பிளாட் அபாரமாக இருந்தது. ஆறு தட்டு செல். ஒன்றில் எதுவும் கொடுக்கவில்லை, ஒன்றில் இஜிஎஃப் மட்டும், மற்ற நான்கில் இஜிஎஃப்போடு கிராம்புச் சாறு, அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. எதுவும் கொடுக்காத லேனில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, இஜிஎஃப் லேனில் பளிச்சென்று இரண்டு பேண்ட், அதற்கப்புறம் சாறு கூடக் கூட பேண்ட் படிக்கட்டு போல மங்கிக்கொண்டே போகிறது. மொத்த ஈஆர்கேவைப் பார்க்கிற ஆன்டிபாடி போட்டால் எல்லா லேனிலும் ஒரே அளவு. பார்க்கிற யாரும் “கிராம்பு ஈஆர்கே சிக்னலை அடக்குகிறது” என்றுதான் சொல்வார்கள். நானும் அந்தப் படத்தை மட்டும் பார்த்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அதே சோதனையை ஒரு எம்.எஸ்சி. மாணவர் திரும்பச் செய்தார், கூட ஒரு நண்பரும் கை கொடுத்தார். படிக்கட்டு வரவில்லை. இஜிஎஃப் கொடுத்த எல்லா லேனிலும் பேண்ட் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இரண்டு சோதனைக்கும் நடுவே ஐப்பசி மழை. நம்ம பக்கம் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாமல் ஆய்வகத்து பிரீசர் இளகியிருக்கிறது. உடனே எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது: ஆன்டிபாடி கெட்டுவிட்டது.

இந்த முடிவில் எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். ஆன்டிபாடி கெட்டால் பேண்ட் மங்கும், இல்லை வராமலே போகும், அல்லது தேவையில்லாத இடத்தில் எல்லாம் கறை விழும். இங்கே மழைக்கு அப்புறம் எடுத்த பிளாட்டில் பேண்ட் நன்றாகத் தெரிகிறது, படிக்கட்டுதான் இல்லை. கெட்டுப்போன ஆன்டிபாடி கடைசி நான்கு லேனில் மட்டும் போய் பேண்டை அதிகமாகக் காட்டாது. இன்னொன்று, இந்தக் குப்பியில் பாதிக்குப் பாதி கிளிசரால் இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் வைத்தாலும் அது உறையாது, திரவமாகவே இருக்கும், உறைந்து இளகி உறைந்து இளகி வரும் சேதம் அதற்கு அவ்வளவாக இல்லை. ஆன்டிபாடி லேசில் சாகிற புரதமும் இல்லை. ஒரு ராத்திரி சூடானதற்காகக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை சுலபம்தான். திருவனந்தபுரத்தில் செல் வேலை செய்கிற ஒரு நண்பரிடம், பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் கொடுத்து ஈஆர்கேவை நன்றாக எழுப்பிய செல்லின் லைசேட் (செல்லை உடைத்து எடுத்த கரைசல்), அதே செல்லில் எதுவும் கொடுக்காததின் லைசேட், இரண்டையும் சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்துத் தரச் சொன்னேன். அப்படிக் கொதிக்கவைத்துவிட்டால் உள்ளே எந்த என்சைமும் உயிரோடு இருக்காது, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த இரண்டையும் அடுத்தடுத்த லேனில் ஓட்டி, சந்தேகத்துக்குரிய குப்பியையே 1:1000 கலந்து, 4 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தோம். மறுநாள் எழுப்பிய லேனில் 42, 44-ல் கணீரென்று இரண்டு கோடு, எழுப்பாத லேனில் மெல்லிசாக ஒரு நிழல். குப்பி பிழைத்தது.

அது போதாது, இந்த ஆன்டிபாடி பாஸ்பேட்டைத்தான் பார்க்கிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டோம். அதே லைசேட்டை இரண்டு மெம்பிரேன் துண்டில் ஏற்றி, ஒன்றை மட்டும் லாம்டா பாஸ்படேஸ் என்சைமில் ஊறவைத்தோம். இந்த என்சைம் புரதத்தின் மேலுள்ள பாஸ்பேட்டைப் பிய்த்து எடுத்துவிடும், வேலை செய்ய மாங்கனீஸ் வேண்டும். ஊறவைத்த துண்டில் பேண்ட் மறைந்துவிட்டது, ஊறவைக்காததில் அப்படியே இருந்தது. மொத்த ஈஆர்கே ஆன்டிபாடிக்கு இரண்டு துண்டிலும் ஒரே அளவு. இதைவிடத் தெளிவான சாட்சி கேட்க முடியாது. பாஸ்போ ஆன்டிபாடி வாங்கினவுடன் ஒரு தடவையாவது இதைச் செய்து நோட்டில் ஒட்டி வைத்துவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. 2016-ல் ஒரு பன்னாட்டு ஆய்வாளர் குழு ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகள் சொன்னது, ஜீனை நீக்கிய செல்லில் பார்ப்பது அதில் ஒன்று. மொத்தப் புரதத்தைப் பார்க்கும் ஆன்டிபாடிக்கு அது மிக நல்ல வழி. பாஸ்போ ஆன்டிபாடிக்கு அது மட்டும் போதாது, ஜீனை நீக்கினால் புரதமே போய்விடும், பாஸ்பேட் இருப்பதையும் இல்லாததையும் ஆன்டிபாடி பிரித்துப் பார்க்கிறதா என்று தெரியாது. அதற்கு சிக்னலை எழுப்பியும் அடக்கியும் பாஸ்படேஸ் போட்டும்தான் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடி குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் இரண்டு பிளாட்டில் எது சரி?

இந்த இடத்தில் மாணவியின் நோட்டைக் கேட்டேன். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. “இஜிஎஃப் சேர்த்தது 11:05” என்று ஒரே ஒரு வரி. ஐந்து தட்டுக்கும் அடுத்தடுத்து, ஒரே மூச்சில். அதற்குக் கீழே “11:15 முதல் லைசிஸ்”, அதாவது செல்லை உடைப்பது. ஒவ்வொரு தட்டாக ஊடகத்தை (செல் வளரும் திரவத்தை) உறிஞ்சி, குளிர்ந்த பஃபரில் அலசி, லைசிஸ் பஃபர் ஊற்றி, சுரண்டி எடுத்து, குழாயில் விட்டு, அடுத்த தட்டு. கடைசி வரி “11:50 முடிந்தது”. தட்டின் வரிசை: எதுவும் கொடுக்காதது, இஜிஎஃப் மட்டும், அப்புறம் சாறு குறைவானதிலிருந்து அதிகமானது வரை. ஜெல்லிலும் அதே வரிசை.

“மக்ளே, கடைசித் தட்டுல இஜிஎஃப் எவ்வளவு நேரம் இருந்திருக்கு?” என்று கேட்டேன். ஒரு நிமிஷம் நோட்டையே பார்த்தார். “நாப்பத்தஞ்சு நிமிஷம் சார். ஆனா பத்து நிமிஷம்னுதான் எழுதிருக்கேன்.” அவருக்கே புரிந்துவிட்டது.

ஹீலா செல்லில் இஜிஎஃப் கொடுத்தால் பாஸ்போ-ஈஆர்கே 5 முதல் 10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். செல்லே இஜிஎஃப் ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும், பாஸ்படேஸ் என்சைம்கள் வந்து ஈஆர்கேயின் மேலுள்ள பாஸ்பேட்டைக் கழற்றும். இது நோய் இல்லை, மருந்தின் வேலையும் இல்லை, செல் தன் சிக்னலைத் தானே அணைத்துக்கொள்கிற இயல்பான ஏற்பாடு. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆக, முதல் பிளாட்டில் இரண்டாவது லேன் உச்சத்தை ஒட்டி இருந்த செல், மற்ற நான்கும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த செல். சாறு அளவு கூடக் கூட என்று நாம் படித்த இடத்தில் நேரம் கூடக் கூட என்றுதான் எழுதியிருந்தது. எம்.எஸ்சி. மாணவர் செய்தபோது இரண்டு பேர், நாலு கை, ஆறு தட்டையும் சட்டென்று முடித்துவிட்டார்கள், அதனால் படிக்கட்டு வரவில்லை.

இது ஊகம்தான், நிரூபிக்க வேண்டும். மேடம் ஒரு நல்ல யோசனை சொன்னார், இந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: “கிராம்பே போடாம செஞ்சு பாப்போம்.” ஆறு தட்டு, ஐந்தில் இஜிஎஃப் மட்டும், சாறு என்ற பேச்சே இல்லை, மாணவி தனியாக, வழக்கமான வேகத்தில், முன்பு செய்த மாதிரியே ஒவ்வொன்றாக உடைக்கட்டும். பிளாட்டில் அதே படிக்கட்டு அச்சு அசலாக வந்தது. இதற்கு அப்புறம் விவாதம் தேவைப்படவில்லை.

படிக்கட்டுக்கு முக்கியக் காரணம் நேரம்தான் என்றாலும், நோண்டும்போது இன்னும் சில விஷயம் கிடைத்தது. அவையும் பேண்டை மங்க வைக்கக்கூடியவை.

ஒன்று, லைசிஸ் பஃபரில் போடும் சோடியம் ஆர்த்தோவனடேட். டைரோசின் மேலுள்ள பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைமைத் தடுக்கத்தான் அதைப் போடுகிறோம். அதைக் கரைத்தால் மட்டும் போதாது, பி.எச். 10-க்குக் கொண்டுவந்து, நிறமில்லாமல் ஆகும் வரை கொதிக்கவைத்து, ஆறியபின் பி.எச். மறுபடி சரிசெய்து, திரும்பவும் கொதிக்கவைக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம், வேலை சரியாகச் செய்யாது. இவர்கள் ஃபிரிட்ஜில் இருந்த குழாய் நல்ல எலுமிச்சை மஞ்சள். இ.டி.டி.ஏ., டி.டி.டி. (டைதயோத்ரைட்டால்) இரண்டும்கூட வனடேட்டின் வேலையைக் கெடுக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். த்ரியோனின் பக்கத்துக்கு சோடியம் ஃபுளோரைடு தனியாக வேண்டும்.

இரண்டாவது, ஐஸ். ஆய்வகத்தில் ஐஸ் மெஷின் ரிப்பேர். மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஐஸ் அடித்துத் தரும் கம்பெனியிலிருந்து பாளமாக வாங்கி வந்து சாக்கில் போட்டு உடைத்து வைக்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை, ஐஸ் ஐஸ்தான், ஆனால் பெரிய பெரிய துண்டாக இருந்தால் குழாயைச் சுற்றி காற்றுதான் இருக்கும், குளிர் குழாயைத் தொடாது. நன்றாகப் பொடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழாய் பாதி முங்குகிற மாதிரி வைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது பால் பொடி. கடையில் வாங்கிய பால் பொடியில் மெம்பிரேனை பிளாக் செய்து (வெறும் இடத்தில் ஆன்டிபாடி ஒட்டாதபடி மூடி), ஆன்டிபாடியையும் அதிலேயே கலந்திருந்தார்கள். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஒட்டிய புரதம், அதனால் பாஸ்போ ஆன்டிபாடிக்கு பால் ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பால் போட்டால் கட்டாயம் கெட்டுவிடும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பாலில் பிளாக் செய்து நல்ல பிளாட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தாளில் 5 சதவீத பி.எஸ்.ஏ.வில் (மாட்டு ரத்தத்து அல்புமின் புரதம்) கலக்கச் சொல்லியிருந்தால் அதைக் கேட்பதுதான் நல்லது. மாற்றியதும் பின்னணிக் கறை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. கலந்த ஆன்டிபாடியைச் சேமித்துத் திரும்பப் பயன்படுத்த சோடியம் அசைடு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் ஆன்டிபாடியில் போடலாம், அதைப் பிடித்து பேண்டைத் தெரியவைக்கும், எச்.ஆர்.பி. என்சைம் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியில் போடவே கூடாது, அசைடு எச்.ஆர்.பி.யைத் தடுத்துவிடும்.

இப்போது சோதனையைப் புதிதாகத் திட்டமிட்டோம். ஒவ்வொரு தட்டுக்கும் இஜிஎஃப் சேர்க்கும் நேரத்தை 4 நிமிட இடைவெளியில் தள்ளித் தள்ளி வைத்தோம். முதல் தட்டுக்கு 0, அடுத்ததுக்கு 4, அதற்கடுத்ததுக்கு 8. உடைப்பதும் அதே இடைவெளியில் 10, 14, 18. எந்தத் தட்டானாலும் உள்ளே இஜிஎஃப் இருப்பது சரியாக 10 நிமிடம். ஒருவர் நேரத்தைச் சத்தமாகச் சொல்ல, ஒருவர் செய்ய. வரிசையையும் குலுக்கிப் போட்டோம், அதிக அளவு சாறு நடுவில், இஜிஎஃப் மட்டும் உள்ளது கடைசியில். சாறு கரைத்திருந்த டி.எம்.எஸ்.ஓ. மட்டும் அதே அளவில் கொடுத்த ஒரு தட்டு, மெக்கைத் தடுக்கும் யு0126 மருந்தை 10 மைக்ரோமோலார் அரை மணி நேரம் முன்பே கொடுத்த ஒரு தட்டு. இந்த இரண்டும் முதல் சோதனையில் இல்லை. யு0126 லேன் இல்லாமல் “அடக்குகிறது” என்று எழுதுவதே சரியில்லை, உண்மையில் அடக்கினால் பிளாட் எப்படி இருக்கும் என்று அதே ஜெல்லில் பக்கத்தில் தெரிய வேண்டும். இன்னொரு விஷயம், சீரம் இல்லாமல் பட்டினி போட்ட செல்லைக் கடைசி நேரத்தில் ஊடகம் மாற்றித் தொந்தரவு செய்யாமல், இஜிஎஃப்பைச் சின்ன அளவில் மேலே சேர்த்தோம். ஊடகத்தை மாற்றி ஆட்டினாலே ஈஆர்கே கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

உடைப்பதற்கு லைசிஸ் பஃபர் வேண்டாம் என்று முடிவு செய்து, ஊடகத்தை உறிஞ்சிய கையோடு கொதிக்கும் எஸ்.டி.எஸ். (புரதத்தைக் குலைக்கும் சோப்பு மாதிரிப் பொருள்) பஃபரை நேரே தட்டில் ஊற்றினோம். ஊற்றிய நொடியில் எல்லா என்சைமும் காலி, பாஸ்பேட் இருந்த இடத்தில் இருக்கும். டி.என்.ஏ. கொழகொழவென்று வரும், ஊசியில் சில தடவை இழுத்து விட்டால் சரியாகும். டி.டி.டி.யையும் நீலச் சாயத்தையும் கடைசியில் சேர்த்தோம், இல்லையென்றால் பி.சி.ஏ. முறையில் புரதத்தை அளக்க முடியாது. மொத்த ஈஆர்கேவுக்கு எலியில் செய்த ஆன்டிபாடி வாங்கி வைத்திருந்தார்கள். அதே லைசேட்டை இரண்டு ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம், அதனால் மெம்பிரேனில் ஒட்டிய ஆன்டிபாடியைக் கழுவி எடுத்துவிட்டு வேறொன்றைத் திரும்பப் போட வேண்டிய தொல்லை இல்லை.

முடிவு இது. யு0126 லேனில் பாஸ்போ-ஈஆர்கே காணவில்லை. டி.எம்.எஸ்.ஓ. லேன் இஜிஎஃப் லேனைப் போலவே. கிராம்புச் சாறு முதல் மூன்று அளவிலும் எந்த மாற்றமும் இல்லை. கடைசி, அதிகபட்ச அளவில் பேண்ட் மங்கியது, ஆனால் அந்த லேனில் மொத்த ஈஆர்கேவும், எல்லா லேனிலும் ஒரே அளவு இருக்க வேண்டிய டியூபுலின் புரதமும் சேர்ந்தே மங்கியிருந்தது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதி செல் தட்டிலிருந்து பிய்ந்து மிதந்துகொண்டிருந்தது. செல் சாகும்போது எல்லாமே குறையும், அதை சிக்னல் அடங்கியது என்று சொல்ல முடியாது. வேறு நாளில், வேறு தட்டுக்கு மாற்றி வளர்த்த அடுத்த தலைமுறை செல்லில் (பாசேஜ்) திரும்பச் செய்தபோதும் இதேதான். ஹீலா செல்லில், இந்தச் சாறில், இந்த அளவுகளில், 10 நிமிட இஜிஎஃப்புக்கு ஈஆர்கே வழி அடங்கவில்லை. இதற்கு மேல் எதையும் இந்த பிளாட் சொல்லாது, வேறு செல்லிலோ வேறு நேரத்திலோ என்ன ஆகும் என்பது திறந்த கேள்விதான்.

மாணவிக்கு வருத்தம் இருந்தது, இல்லாமல் எப்படி, முதல் படத்தை வைத்து ஒரு அத்தியாயமே எழுதி முடித்திருந்தார். மேடம் நல்ல மனுஷி, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, கிராம்பே இல்லாமல் வந்த படிக்கட்டையும் சேர்த்து முழுக்கதையையும் ஆய்வேட்டில் எழுதச் சொல்லிவிட்டார். ஆன்டிபாடியின் கேட்டலாக் எண், லாட் எண், எவ்வளவு கலந்தது, எதில் கலந்தது எல்லாம் முறைகள் பகுதியில் போகிறது.

இப்போது அவர்கள் பார்க்க நினைப்பது அந்தக் கடைசி அளவில் செல் ஏன் சாகிறது என்பதை. புது பாஸ்போ-ஈஆர்கே குப்பிக்கு ஒதுக்கிய பணத்தில் பார்ப் புரதத்துக்கு ஒரு ஆன்டிபாடி ஆர்டர் போட்டிருக்கிறார்கள். 116 கிலோடால்டனில் இருக்கும் பார்ப், செல் தானே தன்னை அழித்துக்கொள்ளும்போது வெட்டுப்பட்டு 89-ல் ஒரு துண்டாகத் தெரியும். செல்லை அப்படிச் சாகவைக்கும் ஸ்டாரோஸ்போரின் கொடுத்த ஹீலா லைசேட்டை முன்கூட்டியே செய்து பிரீசரில் வைத்துவிட்டார் மாணவி, ஆன்டிபாடி வந்த அன்றே முதல் பிளாட் அதில்தான்.